லோ இம்பீடன்ஸ் மைக், ஹை இம்பீடன்ஸ் மைக்: எந்த அம்புக்கு எது, எப்படிப் பொருத்துவது?

வெளிநாட்டில் இருக்கும் உபயகாரர் ஒருவர் கோயிலுக்கு நல்ல மைக் ஒன்று கொண்டுவந்து கொடுக்கிறார். பெட்டியைப் பார்த்தாலே விலை தெரிகிறது. பழைய அம்பில் (அம்ப்ளிபயரில்) மாட்டிப் பார்த்தால், முன்பிருந்த பழசை விடச் சத்தம் குறைவு. ஐயர் திரும்பிப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் கூட்டி விடும்" என்கிறார். கூட்டினால் சீறுகிறது. இன்னும் கூட்டினால் கூவுகிறது. புது மைக் பிழையாம் என்று அலுமாரிக்குள் போய்விட, பழைய மைக் மறுபடி வெளியே வருகிறது.

பெரும்பாலும் மைக்கிலும் பிழையில்லை, அம்பிலும் பிழையில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது. ஓடுகிற சாமானை யாரும் எறிவதில்லை. சனசமூக நிலையத்துக்குள் போனால் 230 வோல்ற்றிலும் 12 வோல்ற் கார் பற்றரியிலும் ஓடக்கூடிய பழைய அம்ப் ஒன்று இருக்கும். அதன் பக்கத்திலேயே கனடாவில் இருந்து வந்த புது மிக்சரும் இருக்கும். இந்த இரண்டு காலத்துச் சாமானையும் ஒரே மேடையில் ஓட வைக்க வேண்டியவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி.

அந்த ஓம் எண் என்ன சொல்கிறது

இம்பீடன்ஸ் என்பது ஆடலோட்டத்துக்கு (ஏசி மின்னோட்டத்துக்கு) ஒரு சாமான் காட்டும் தடை. அதை ஓமில் சொல்வார்கள். குரல் மைக்குக்குள் போய் மின்னாக வெளியே வரும்போது ஆடலோட்டமாகத்தான் வருகிறது. ஆகவே ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு வெளியீட்டு இம்பீடன்ஸ் உண்டு.

600 ஓமும் அதற்குக் கீழும் லோ இம்பீடன்ஸ். மேடை மைக்குகளில் 150 முதல் 300 வரைதான் அதிகம் காண்பீர்கள். 10 கிலோ ஓமும் அதற்கு மேலும் ஹை இம்பீடன்ஸ். இடைப்பட்ட எண் உள்ள மைக்குகளும் இருக்கின்றன, குறைவு. 1966இல் வந்து இன்றும் எல்லா மேடைகளிலும் நிற்கிற ஷுவர் எஸ்எம்58 லோ இம்பீடன்ஸ் மைக். இப்போது மேடைக்கென்று விற்கப்படும் மைக்குகள் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான்.

எண் பெரிதாக இருந்தால் மைக் நல்லது என்றோ, சிறிதாக இருந்தால் மட்டம் என்றோ அர்த்தமில்லை. தரத்துக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பே கிடையாது.

அப்படியானால் ஹை இம்பீடன்ஸ் மைக்கை ஏன் செய்தார்கள்? வால்வ் அம்புகளின் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. வால்வின் கிரிட் (அதன் உள்ளீட்டு முனை) மின்னோட்டத்தைக் கேட்பதில்லை, வோல்ற்றளவைத்தான் கேட்கிறது. ஹை மைக் லோ மைக்கை விடச் சுமார் பத்து மடங்கு வோல்ற்றளவு தரும். சாதாரண லோ மைக்கில் வாயைக் கிட்ட வைத்துக் கதைத்தால் வருவது ஓரிரு மில்லிவோல்ற். ஹை மைக்கில் அதுவே இருபதை ஒட்டி வரும். அதனால் அம்புக்குள் ஒரு ட்ரான்ஸ்போமரும் ஒரு பெருக்கும் கட்டமும் மிச்சமாயின, விலையும் குறைந்தது. ட்ரான்சிஸ்ரர் வந்த பிறகு அந்த இலாபம் போய்விட்டது. மைக்குகள் மட்டும் நம் அலுமாரிகளில் மிஞ்சியிருக்கின்றன.

படி 1: கையில் இருக்கும் மைக் எந்த வகை?

முதலில் உடலையும் பெட்டியையும் வாசியுங்கள். விலை குறைந்த கரோக்கி மைக்குகளின் பெட்டியில் "600 ஓம், கூட்டல் கழித்தல் 30 சதவீதம்" என்று சிறிய எழுத்தில் இருக்கும். அது லோ வகைதான், அதன் நுனியில் எந்தப் பிளக் இருந்தாலும் சரி. சில பழைய மைக்குகளின் அடிப்பக்கத்தில் "ஹை", "லோ" என்று ஒரு சின்னச் சுவிச் இருக்கும். அவை இரண்டுக்கும் பொருந்துபவை. வேறு சிலவற்றில் சுவிச் இல்லாமல், உள்ளே கம்பியை மாற்றிப் பொருத்தி வகையை மாற்றலாம்.

எழுத்து அழிந்துபோயிருந்தால் பிளக்கைப் பாருங்கள். மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் என்றால் லோ என்று எடுத்துக்கொள்ளலாம். 6.35 மில்லிமீற்றர் ஜாக் என்றால் உடனே முடிவுக்கு வர வேண்டாம்: ஹை மைக்கிலும் ஜாக்தான், மலிவான லோ மைக்கிலும் ஜாக்தான்.

அப்புறம் மல்ரிமீற்றர். இது டைனமிக் மைக்குக்கு (காந்தத்துக்குள் கொயில் அசையும் வகைக்கு) மட்டும். ரிபன் மைக்கில் மீற்றரை வைக்கவே வைக்காதீர்கள், அதிலிருந்து போகும் மின்னோட்டம் மெல்லிய ரிபனை இழுத்துவிடும். கொண்டென்சர் மைக்கில் (மின் கொடுத்தால்தான் ஓடும் வகையில்) வைத்தால் எண் வரும், ஆனால் அதற்கு அர்த்தம் இருக்காது. டைனமிக் மைக் என்றால் ஓம் அளவில் வைத்து, எக்ஸ்எல்ஆரின் 2ஆம் 3ஆம் பின்களுக்கு இடையே (ஜாக் என்றால் நுனிக்கும் உடலுக்கும் இடையே) தொடுங்கள். தொட்ட கணத்தில் மைக்கிலிருந்து மெல்லிய "டிக்" ஒன்று கேட்டால் கொயில் உயிரோடு இருக்கிறது. மீற்றர் காட்டுவது நேரோட்டத் தடைதான், இம்பீடன்ஸ் அல்ல. ஆனால் வகையைப் பிரிக்க அது போதும். சில பத்து முதல் சில நூறு ஓம் என்றால் பெரும்பாலும் லோ. ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே ஏற்றும் ட்ரான்ஸ்போமர் இருக்கிறது, ஹை. ஒன்றுமே காட்டாவிட்டால் ஒன்றில் கொயில் அறுந்திருக்கிறது, அல்லது அது படிக (கிறிஸ்ரல்) மைக்.

படிக மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய படிக மைக்குகளுக்குள் இருப்பது ரொஷெல் உப்பு. வெப்பமும் ஈரமும் அதற்கு எதிரி. பங்குனி வெயிலும் கார்த்திகை மழையும் மாறி மாறி அடிக்கிற ஊரில் அது நெடுங்காலம் தாங்காது. உங்கள் வாசிகசாலையில் அப்படி ஒன்று இன்னும் வேலை செய்தால், மேடைக்குக் கொண்டுபோகாமல் கண்ணாடி அலுமாரியில் வைப்பதே நல்லது.

படி 2: அம்பின் பின்பக்கத்தை வாசியுங்கள்

இந்தப் படியைத்தான் ஆக்கள் தவிர்த்துவிடுகிறார்கள். அம்பைத் திருப்பி, தூசியைத் துடைத்து, மைக் சொக்கற்றுக்குப் பக்கத்தில் அச்சடித்திருப்பதை வாசியுங்கள். இந்தியத் தயாரிப்பு அம்புகளில் "மைக்: 0.6 மில்லிவோல்ற், 4.7 கிலோ ஓம்" என்றும், "ஓக்ஸ்: 100 மில்லிவோல்ற், 470 கிலோ ஓம்" என்றும் இருக்கக் காணலாம் (ஓக்ஸ் என்பது பாட்டுப் பெட்டி போன்றவற்றை மாட்டும் சொக்கற்). இந்த இரண்டு வரியில் எல்லாம் இருக்கிறது.

முதல் எண், முழுச் சத்தம் வருவதற்கு உள்ளே எவ்வளவு வோல்ற்றளவு வர வேண்டும் என்பது. இரண்டாவது எண், உள்ளீட்டு இம்பீடன்ஸ். விதி இதுதான்: உள்ளீட்டின் எண் மைக்கின் எண்ணைப் போல ஐந்து மடங்காவது, முடிந்தால் பத்து மடங்கு இருக்க வேண்டும்.

இரண்டு எண்ணும் சமமாக இருக்க வேண்டும் என்று நம்புகிறவர்கள் கனக்கப்பேர். 200 ஓம் மைக்கை 200 ஓம் உள்ளீட்டில் மாட்டினால் வோல்ற்றளவில் சரிபாதி உள்ளேயே தொலையும், அதாவது 6 டெசிபல் (ஒலி அளவு கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அலகு) நட்டம். 600 ஓமுக்கு 600 ஓம் என்று சமன் பார்க்கும் வழக்கம் தொலைபேசிக் கம்பிகளின் காலத்தில் இருந்து வந்தது. ஸ்பீக்கரில் 8 ஓம், 16 ஓம் என்று பார்த்துக் கட்டுவது வேறு கணக்கு, அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

மேலே சொன்ன 4.7 கிலோ ஓம் உள்ளீட்டை எடுத்துக்கொள்வோம். 600 ஓம் கரோக்கி மைக்கை மாட்டினால் நட்டம் 1 டெசிபல், காதுக்குத் தெரியாது. 150 ஓம் மேடை மைக் என்றால் அதுகூட இல்லை. 10 கிலோ ஓம் ஹை மைக்கை மாட்டினால் 10 டெசிபல் போகிறது. 50 கிலோ ஓம் என்றால் 21 டெசிபல். ஆக, அந்தச் சொக்கற் ஜாக்காக இருந்தாலும் உண்மையில் லோ மைக்குக்காகச் செய்ததுதான். "ஜாக் என்றால் ஹை" என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது.

"அப்படியென்றால் ஹை மைக்கை 470 கிலோ ஓம் ஓக்ஸில் மாட்டலாமே?" என்று கேட்கலாம். இம்பீடன்ஸ் பொருந்தும். ஆனால் அங்கே 100 மில்லிவோல்ற் வேண்டும், மைக் தருவது 20. சத்தம் 14 டெசிபல் குறைவாகவே இருக்கும். கிட்டப் பிடித்து உரக்கக் கதைக்கிற அறிவிப்பாளர் என்றால் சமாளிக்கலாம்.

மிக்சர்களில் நிலைமை இலகு. எக்ஸ்எல்ஆர் மைக் உள்ளீடு பெரும்பாலும் 1.5 முதல் 3 கிலோ ஓம் வரை இருக்கும், லோ மைக்குக்கு அளவெடுத்தது போல. லைன் ஜாக் 10 கிலோ ஓமும் மேலும். "ஹை இசெட்" (ஹை இம்பீடன்ஸ்) அல்லது கிற்றார் படம் போட்ட பட்டன் இருந்தால் அது 1 மெகா ஓமை ஒட்டி இருக்கும்.

எண்ணே அச்சடிக்காத வால்வ் அம்ப் என்றால் ஹை என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு லோ மைக்கை மாட்டிப் பாருங்கள்: சத்தம் தெளிவாக, ஆனால் தூரத்தில் இருந்து வருவது போலக் கேட்டால் ஊகம் சரி. இதனால் எந்தச் சாமானும் பழுதாகாது.

படி 3: வயர் எத்தனை மீற்றர்?

என்னைக் கேட்டால் முழு விஷயத்திலும் முக்கியம் இதுதான். நம்மூர் நிகழ்ச்சிகளில் அம்ப் மேடையில் இருப்பதில்லை. கோயிலில் அது மடைப்பள்ளிப் பக்கத்து அறையில் இருக்கும், மைக் வசந்த மண்டபத்தில் இருக்கும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் கொட்டகைக்கும் மேசைக்கும் இடையே மைதானத்தின் பாதி கிடக்கும். 30, 40 மீற்றர் வயர் சர்வசாதாரணம்.

மைக் வயரின் உள்கம்பிக்கும் வெளி வலைக்கும் இடையே கொள்ளளவம் (மின்னைத் தேக்கும் தன்மை) உண்டு, மீற்றருக்குச் சுமார் 100 பிக்கோ பரட். மைக்கின் இம்பீடன்ஸும் இந்தக் கொள்ளளவமும் சேர்ந்து உயர் மீடிறன்களை (மேல் ஒலிகளை) வெட்டுகின்றன. 20 கிலோ ஓம் ஹை மைக்கை 40 மீற்றர் வயரில் மாட்டினால் சுமார் 2000 ஹேர்ட்ஸுக்கு மேலே ஒலி சரியத் தொடங்கிவிடும். ச, ஷ, ஸ போன்ற ஒலிகளின் பலம் அதற்கு மேலேதான் இருக்கிறது. கந்தபுராண படிப்பை அந்த மைக்கில் கேட்டால் வாசிப்பவர் போர்வைக்குள் இருந்து வாசிப்பது போல இருக்கும். பயன் சொல்பவரின் (பாட்டின் பொருளை விளக்குபவரின்) குரல் கேட்கும், சொல் விளங்காது. பெடியள் திறெபிளைத் திருகித் திருகிப் பார்ப்பார்கள். போன ஒலி வராது, சீறல்தான் கூடும்.

அதே 40 மீற்றரில் 200 ஓம் லோ மைக்கை மாட்டுங்கள். வெட்டு தொடங்கும் இடம் 199,000 ஹேர்ட்ஸ். மனிதக் காது 20,000 வரைதான் கேட்கும் என்பதால் அந்த வெட்டைப் பற்றிக் கவலையே இல்லை. 100 மீற்றர் இழுத்தாலும் அப்படித்தான்.

ஹை மைக்குக்கு 5, 6 மீற்றர்தான் எல்லை. அதைத் தாண்டினால் ஒலியும் மங்கும், உறுமலும் ஏறும்.

உறுமல் எங்கே இருந்து வருகிறது? நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். திருவிழாவில் மின் அலங்கார வயர்களும் ஜெனரேற்றர் வயரும் மைக் வயரும் ஒரே மரத்தில் சுற்றிக் கிடக்கும். அந்த 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்கான 100 ஹேர்ட்ஸும் மைக் வயருக்குள் தாவும். ஹை மைக்கின் வயரில் அது இலகுவாகத் தங்கிவிடும், லோ மைக்கில் தங்குவது குறைவு. அதோடு லோ மைக்கின் எக்ஸ்எல்ஆர் வயர் பலன்ஸ்ட் வகை: உள்ளே இரண்டு கம்பிகள், அவற்றில் குரல் எதிரெதிராகப் போகிறது. வெளியே இருந்து வரும் உறுமல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுகிறது. அம்ப் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் குரல் மிஞ்சி உறுமல் கழிந்துவிடுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள்: லோ இம்பீடன்ஸும் பலன்ஸ்டும் ஒன்றல்ல. கரோக்கி மைக் லோதான், ஆனால் அதன் ஜாக் வயர் பலன்ஸ்ட் இல்லை. அதில் ஒலி மங்காது, உறுமல் மட்டும் வரலாம்.

படி 4: பொருத்துவது

*லோ மைக், லோ உள்ளீடு.* நேரே மாட்டுங்கள். மிக்சரின் எக்ஸ்எல்ஆர் என்றால் வயரைத் தவிர வேறொன்றும் வேண்டாம். அம்பில் ஜாக் சொக்கற் மட்டும் இருந்து, எண் 4.7 கிலோ ஓம் போல இருந்தால், எக்ஸ்எல்ஆரில் இருந்து ஜாக்குக்குப் போகும் வயர் போதும். அதை நீங்களே செய்யலாம்: 2ஆம் பின் ஜாக்கின் நுனிக்கு, 1உம் 3உம் சேர்ந்து ஜாக்கின் உடலுக்கு. கடையில் வாங்கும் மலிவு வயரின் ஜாக்கைத் திறந்து பாருங்கள். வலைக் கம்பியை முறுக்கி, ஈயத்தை ஒரு சொட்டு மேலே வைத்து விட்டிருப்பார்கள். இழுத்தால் கையோடு வரும். கம்பிக்கும் தகட்டுக்கும் முதலில் தனித்தனியே ஈயம் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் ஈயம் பளபளவென்று ஓடிப் பிடிக்கும். மங்கலாக, உருண்டையாக நின்றால் பிடிக்கவில்லை, மறுபடி வையுங்கள். பிளக்கின் பிடியில் வயரின் வெளித்தோலை இறுக்க மறக்காதீர்கள். மேடையில் யாராவது காலால் இழுக்கும்போது அந்தப் பிடிதான் தாங்கும்.

*லோ மைக், ஹை உள்ளீடு.* உபயகாரரின் புது மைக்கும் பழைய வால்வ் அம்பும் சந்திக்கும் இடம் இது. இதற்கு மைக் மட்சிங் ட்ரான்ஸ்போமர் என்று ஒரு சிறு குழாய் கிடைக்கும்: ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆர் பெண் சொக்கற், மறுபக்கம் ஜாக். கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை கொஞ்சம் இறங்க மறுமுனை நிறைய ஏறும், ஆனால் ஏறும் பக்கத்தில் பலம் குறையும். ட்ரான்ஸ்போமரும் வோல்ற்றளவை ஏற்றி மின்னோட்டத்தைக் குறைக்கிறது. சுற்றுகளின் விகிதம் ஒன்றுக்குப் பத்து என்றால் வோல்ற்றளவு பத்து மடங்கு, அதாவது 20 டெசிபல், கூடும். இம்பீடன்ஸ் நூறு மடங்கு கூடும்: 150 ஓம் மைக் அம்புக்கு 15 கிலோ ஓமாகத் தெரியும்.

இதை அம்பின் பக்கத்தில் மாட்டுங்கள், மைக்கின் பக்கத்தில் அல்ல. நீண்ட வயர் முழுவதும் லோவாகவும் பலன்ஸ்டாகவும் ஓடி, கடைசியில்தான் ஹையாக மாற வேண்டும். மைக் பக்கத்தில் மாட்டினால் 40 மீற்றரும் ஹையாகிவிடும், படி 3இல் சொன்ன எல்லாம் மறுபடி வரும். அந்தக் குழாய் மின்சார ட்ரான்ஸ்போமருக்கு மேலே கிடந்தாலும் உறுமும், ஓரடி தள்ளி வையுங்கள்.

எக்ஸ்எல்ஆர் பெண், ஜாக் ஆண் உள்ள வெறும் அடப்ரரும் வெளித்தோற்றத்தில் இதே மாதிரித்தான் இருக்கும். உள்ளே வெறும் கம்பிதான், இம்பீடன்ஸ் கொஞ்சமும் மாறாது. கடையில் கேட்டு வாங்குங்கள். மல்ரிமீற்றர் இருந்தால் 2ஆம் பின்னில் இருந்து ஜாக் நுனிக்குத் தொடர்பு பாருங்கள்: பூச்சிய ஓம் காட்டினால் அது அடப்ரர்.

*ஹை மைக், ஹை உள்ளீடு.* குட்டை வயரில் நேரே. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

*ஹை மைக், லோ உள்ளீடு.* சத்தம் விழும், சில வேளை எதிர்மாறாகவும் நடக்கும்: நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் கிட்ட வைத்தால் ஹை மைக் தரும் பெரிய வோல்ற்றளவு மிக்சரின் முதல் கட்டத்தையே அடைத்து ஒலியைக் கிழிக்கும். இங்கே வேண்டியது டிஐ பெட்டி. ஹையை உள்ளே வாங்கி, லோவாகவும் பலன்ஸ்டாகவும் மாற்றி எக்ஸ்எல்ஆரில் வெளியே விடும். அதை மைக்குப் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து நீண்ட வயரை இழுங்கள். உண்மையில் ஒரு பழைய ஹை மைக்குக்காக டிஐ பெட்டி வாங்குவதை விட ஒரு லோ மைக் வாங்குவது புத்தி.

டிஐ பெட்டிக்கு நம் மேடைகளில் வேறு வேலை இருக்கிறது. அரங்கேற்றத்துக்கு வரும் வயலின், வீணைக் கலைஞர்கள் ஒட்டுப் பிக்அப் கொண்டுவருவார்கள். அதுவும் படிக வகைதான், 1 மெகா ஓமும் மேலும் உள்ள உள்ளீட்டைக் கேட்கும். அதை மிக்சரின் சாதாரண லைன் ஜாக்கில் மாட்டினால் கீழ் ஒலி முழுவதும் போய், வீணை தகரத்தில் தட்டுவது போலக் கேட்கும். பற்றரியிலோ மிக்சர் தரும் 48 வோல்ற்றிலோ ஓடும் அக்ரிவ் டிஐ பெட்டி இதைத் தீர்க்கும். அறிகுறியை வைத்தே பிழையைப் பிரிக்கலாம்: மேல் ஒலி போனால் ஹை டைனமிக்கும் நீண்ட வயரும், கீழ் ஒலி போனால் படிகமும் சிறிய உள்ளீடும்.

இரண்டு மைக், ஒரு சொக்கற்

புராண படிப்புக்கு வாசிப்பவருக்கு ஒன்று, பயன் சொல்பவருக்கு ஒன்று என்று இரண்டு மைக் வேண்டும். அம்பில் ஒரு சொக்கற்தான் நல்லாக இருக்கும். உடனே ஒய் வயர் போட்டு இரண்டையும் சேர்ப்பார்கள். வேலை செய்யும், ஆனால் ஒரு மைக் மற்றதற்குச் சுமையாகி இரண்டிலும் 6 டெசிபல் குறையும். சில மைக்குகளின் சுவிச் கொயிலையே குறுக்குச் சுற்றாக்கி நிறுத்தும். பயன் சொல்பவர் தன் மைக்கை நிறுத்தினால் வாசிப்பவரின் மைக்கும் செத்துவிடும். ஒரு லோவையும் ஒரு ஹையையும் இப்படிச் சேர்த்தால் ஹையின் சத்தம் கேட்கவே கேட்காது. இரண்டு சனல் உள்ள சிறிய மிக்சர் ஒன்றைப் போடுவதுதான் வழி.

கையால் செய்த வயர்களில் 2ஐயும் 3ஐயும் மாறிச் சோல்டர் பண்ணியிருந்தால் தனியே கேட்கும்போது ஒன்றும் தெரியாது. இரண்டு மைக்கையும் ஒட்டிப் பிடித்து நடுவில் கதைத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் திறந்தபோது இருந்ததை விட இரண்டையும் திறந்தபோது குரல் மெலிந்தால், ஒரு வயர் தலைகீழ்.

படி 5: 48 வோல்ற் பட்டனும் எர்த்தும்

மிக்சரில் உள்ள 48 வோல்ற் கொண்டென்சர் மைக்குக்கு உயிர் கொடுப்பது. ஒழுங்கான எக்ஸ்எல்ஆர் வயரில் மாட்டிய டைனமிக் மைக்கை அது ஒன்றும் செய்யாது, ஏனெனில் 2ஆம் 3ஆம் பின்களில் ஒரே வோல்ற்றளவு நிற்கும், கொயிலில் மின்னோட்டம் ஓடாது. ஆனால் ஜாக் மைக்கை அடப்ரர் வழியாக எக்ஸ்எல்ஆரில் மாட்டினால் ஒரு பின் எர்த்தோடு சேர்ந்துவிடும், கொயிலில் மின்னோட்டம் ஓடும். அப்படியான மைக் இருந்தால் பட்டனைத் தொட வேண்டாம். மட்சிங் ட்ரான்ஸ்போமர் வழியாகப் பழைய அம்பில் கொண்டென்சர் மைக்கை ஓட்டவும் முடியாது, அங்கே அந்த 48 வோல்ற் இல்லை.

எர்த் விஷயத்தில் விளையாட்டு இல்லை. உறுமலை நிறுத்த அம்பின் எர்த் கம்பியை வெட்டிவிடுவது ஒரு கெட்ட பழக்கம். உறுமல் நிற்கலாம். ஆனால் அம்புக்குள் ஒரு பிழை வந்தால் மைக்கின் உலோக உடலே 230 வோல்ற்றாகும். கோயிலில் மைக்கைப் பிடிப்பவர் ஈர வேட்டியோடு, ஈரக் கல்லில், வெறுங்காலோடு நிற்கிறார். மைக்கைத் தொட்டதும் "சுர்" என்கிறது என்று ஐயர் சொன்னால் அன்றைய நிகழ்ச்சி அந்த அம்பில் நடக்கக் கூடாது, திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். எர்த் வளையத்தால் (சாமான்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு சேர்வதால்) வரும் உறுமலுக்கு அம்ப், மிக்சர் எல்லாவற்றையும் ஒரே சொக்கற் வரிசையில் இருந்து எடுப்பதும், டிஐ பெட்டியில் உள்ள எர்த் லிப்ற் சுவிச்சைப் பாவிப்பதும் சரியான வழி. அந்தச் சுவிச் மைக் வயரின் வலையை மட்டும் பிரிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது.

படி 6: நிகழ்ச்சிக்கு முன் ஓட்டிப் பார்ப்பது

வொலியூம் எல்லாம் பூச்சியத்தில் இருக்க மைக்கை மாட்டுங்கள். மாஸ்ரரைப் பாதிக்குக் கொண்டுவந்து, கதைக்கப் போகிறவரின் தூரத்தில் நின்று, அவரின் சத்தத்தில் கதைத்தபடி மைக் வொலியூமைக் கூட்டுங்கள். "ஹலோ ஹலோ" போதாது. தேவாரம் ஒன்றின் இரண்டு அடியைச் சொல்லிப் பாருங்கள், ச, ஸ தெளிவாக வருகிறதா என்று தெரிந்துவிடும். கூம்பு ஸ்பீக்கர்கள் பனையிலும் தென்னையிலும் ஏறிவிட்ட பிறகு இதைச் செய்ய நேரம் கிடைக்காது, முதலே செய்யுங்கள்.

உறுமினால் மைக்கைக் கழற்றி வயரை மட்டும் விடுங்கள். லோ வயர் திறந்து கிடக்கும்போது உறுமல் கூடுவது இயல்பு, அதைப் பிழை என்று எடுக்க வேண்டாம். வேறொரு நல்ல மைக்கை அதே வயரில் மாட்டுங்கள். அதுவும் உறுமினால் வயர், இல்லாவிட்டால் மைக். வயர் என்றால் முதலில் 1ஆம் பின் வலையைப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் விட்டிருக்கும். மின்சார வயரோடு சேர்ந்து ஓடும் இடத்தில் மைக் வயரைப் பிரித்து, கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்க விடுங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பின்களைக் கறுக்க வைக்கும். கொன்ராக்ற் கிளீனர் ஒரு தரம் அடித்தாலே பாதி வயர்கள் உயிர் பெறும்.

புதிதாக வாங்குவதென்றால்

மேடைக்கு ஹை மைக் வாங்க எனக்குத் தெரிந்து இப்போது காரணமே இல்லை. அம்ப் பழசென்றால் லோ டைனமிக் மைக் ஒன்றும் மட்சிங் ட்ரான்ஸ்போமர் ஒன்றும் வாங்குங்கள். நாளைக்கு அம்பை மாற்றினாலும் மைக் அப்படியே பாவிக்கலாம். பிரபலமான மைக்குகளுக்குப் போலிகள் ஏராளம், விலை நம்ப முடியாமல் இருந்தால் நம்ப வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் உபயகாரர் "என்ன வேணும்?" என்று கேட்டால் மைக்கின் பெயரை மட்டும் சொல்லாமல், அம்பின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். அதோடு எக்ஸ்எல்ஆர் வயர் 20 மீற்றரில் இரண்டு கேளுங்கள். ஒன்று பழுதானாலும் நிகழ்ச்சி நிற்காது, தேவையென்றால் இரண்டையும் தொடுத்து 40 மீற்றராக்கலாம்.